கேம்பர் வேனுக்கு எந்த டயர்? எடை மேடையில் தொடங்கும் கணக்கு

ஈரோட்டு வாசகர் ஒருவர் பழைய பதினேழு இருக்கை வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் சமையல் மேடையும் போட்டு முடித்துவிட்டார். டயர் மட்டும் பாக்கி. "செப்டம்பரில் இமாசலத்து ஸ்பிதி போகிறோம். கடைக்காரர் பட்டன் பட்டனாக இருக்கும் முரட்டு டயரைக் காட்டுகிறார். மைத்துனரோ கம்பெனி டயரே போதும் என்கிறார். எதை எடுக்கட்டும்?" என்று எழுதியிருக்கிறார். இதே கேள்வியை வேறு வேறு வண்டிகளை வைத்துக்கொண்டு இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள்.

கையில் உள்ள வழிகள் நான்கு. சரக்கு வேன்களில் வரும், நீளவாக்கில் கோடுகள் ஓடும் ரிப் டயரையே புதிதாகப் போடுவது. நான்கு சக்கரத்துக்கும் ஏ/டி எனப்படும் எல்லாத் தரைக்குமான டயர் போடுவது. எம்/டி எனப்படும் சேற்று டயர், அதாவது கடைக்காரரின் "பட்டன் டயர்". கடைசியாக, முன்னால் ரிப், பின்னால் மட்டும் ஏ/டி. முதலிரண்டையும் நான்காவதையும் என் வேனில் ஓட்டியிருக்கிறேன். எம்/டி போட்ட நண்பரின் வண்டியை வால்பாறை வரை ஓட்டிப் போய்வந்தேன்.

## முதலில் எடை

டயர் கடைக்குள் போனதும் எல்லோருடைய கையும் ட்ரெட்டைத்தான், அதாவது தரையைத் தொடும் மேற்பரப்பைத்தான் தடவும். நானும் அப்படித்தான் தடவி ஏமாந்தேன்.

என் வேனின் டயர் அளவு 215/75 ஆர்15. ஜீப் வகை வண்டிகளிலும் இதே அளவு உண்டு. அழகான ஏ/டி டயர் ஒன்று அந்த அளவில் கிடைத்தது, வாங்கிப் போட்டேன். நாக்பூருக்கு முன் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தியபோது பழக்கத்தில் டயர்களைத் தொட்டுப் பார்த்தேன். முன் டயர் இளஞ்சூடு. பின்னால் இடப்பக்க டயரில் கையை வைத்திருக்க முடியவில்லை. குனிந்து உட்புறம் பார்த்தால் பக்கச்சுவரில் கோழிமுட்டையைப் பாதியாக வெட்டி ஒட்டியதைப் போல ஒரு வீக்கம். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, வழியெல்லாம் ஐம்பதைத் தாண்டாமல் ஊர் வந்து சேர்ந்தேன்.

ஊரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர் டயரைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அண்ணாச்சி, வண்டி எடை எவ்வளவு?" எனக்குத் தெரியவில்லை. "முதலில் எடை மேடைக்குப் போய்வாருங்கள். டயரை அப்புறம் பார்க்கலாம்."

தண்ணீர், டீசல், சிலிண்டர், குடும்பம் எல்லாம் ஏற்றிப் போட்ட எடை 3,260 கிலோ. பின் அச்சை மட்டும் மேடையில் நிறுத்தியபோது 1,840. இனி டயரின் பக்கச்சுவருக்கு வருவோம். அளவுக்குப் பின்னால் ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் சுமைக் குறியீடு. நான் வாங்கிய டயரில் இருந்தது 100. ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்று பொருள். இரண்டு பின் டயர் சேர்ந்தால் 1,600. அதாவது 240 கிலோ மிகையான சுமையோடு கோடை வெயிலில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். குறியீட்டைப் படிக்காதது என் தவறுதான். விற்றவரும் என்ன வண்டிக்கு என்று கேட்கவில்லை.

அதே 215/75 ஆர்15 அளவிலேயே எல்டி (இலகு சரக்கு வண்டிக்கான) வகை, 8 பிளை (டயர் உடலின் அடுக்கு வலுவைச் சொல்லும் எண்) டயர் உண்டு. அதில் 106/103 என்று இருக்கும். ஒற்றைச் சக்கரமாக ஓடினால் 106, அதாவது 950 கிலோ. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் ஒவ்வொன்றும் 103, அதாவது 875 கிலோ. அளவு ஒன்றே ஆனாலும் தாங்கும் சுமையில் ஒரு டயருக்கு 150 கிலோ வித்தியாசம். எம்.ஆர்.எஃப். வாண்டரர், அப்போலோ அப்டெர்ரா, யோகோஹாமா ஜியோலேண்டர் என்று நாம் கேள்விப்படும் பெயர்கள் பெரும்பாலும் எஸ்யூவிகளை மனத்தில் வைத்து வருபவை. பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தச் சுமை எண்தான் கைக்கு வரும். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

எடை மேடைக்காரரிடம் நல்லபடியாகப் பேசினால் இன்னொரு காரியமும் செய்யலாம். வண்டியின் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றிப் பார்க்கலாம். என் வேனில் பின் இடது 970, பின் வலது 870. சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் இடப்பக்கமே குவிந்திருந்தன. எல்டி டயர் போட்டிருந்தாலும் இடப்பக்க டயர் 20 கிலோ மிகையாகத்தான் சுமந்திருக்கும். பேட்டரியை வலப்பக்கம் மாற்றினேன். இரண்டு பக்கமும் 920-க்கு வந்தது. செலவு இரண்டு மீட்டர் கேபிள்.

காற்றும் எடையைச் சேர்ந்ததுதான். 8 பிளை எல்டி டயர் 65 பிஎஸ்ஐ வரை ஏற்கும். அந்த 950 கிலோ அந்த அழுத்தத்தில்தான். ஜீப் டயரில் பக்கச்சுவரில் அச்சிட்ட உச்சம் 50-ஐ ஒட்டி நின்றுவிடும். சாதாரண ரப்பர் வால்வும் 65-க்கு மேல் நம்பத்தக்கதல்ல. புது டயர் போடும் அன்றே உலோக வால்வு மாற்றிக்கொள்ளுங்கள்.

## மற்ற அளவுகோல்கள்

பாதை. சென்னையிலிருந்து டெல்லி சுமார் 2,200 கிலோமீட்டர், அங்கிருந்து மணாலி 540, மணாலியிலிருந்து ஸ்பிதியின் தலைமை ஊரான காசா 200. இதில் வண்டியை உண்மையில் சோதிப்பது அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி கிராம்பூவில் பிரிந்து, பாட்டல் வழியாகக் குன்சும் கணவாய் ஏறி லோசர் இறங்கும் வரையிலான ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். உருளைக்கற்கள், ஓடை நீர், கூரான சில்லுகள். மீதி முழுவதும் தார். பயணத்தின் மூன்று சதவீதத்துக்காக டயர் வாங்குகிறோமா, தொண்ணூற்றேழு சதவீதத்துக்காக வாங்குகிறோமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆனால் வண்டி நின்றுவிட்டால் அந்த மூன்று சதவீதத்தில்தான் நிற்கும் என்பதும் உண்மை.

பக்கச்சுவர். ட்ரெட்டில் ஆணி ஏறினால் எந்த ஊரிலும் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் டயர் குப்பைக்குத்தான். கல் பாதையில் பயப்பட வேண்டியது இதற்கே.

வயது. நம்மில் பலர் கேம்பர் வேனை ஆண்டுக்கு ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. ஆறு வருடத்தில் முப்பத்தாறாயிரம். அதற்குள் ட்ரெட் தேய்வதற்கு முன் வெயில் பக்கச்சுவரில் விரிசல் விழ வைத்துவிடும். ஆகவே "இந்த டயர் எவ்வளவு ஓடும்" என்ற கேள்விக்கு அவ்வளவு மதிப்பில்லை; "எப்போது செய்தது" என்பதற்கு உண்டு. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 22-வது வாரம். அதிகம் விற்காத முரட்டு டயர்கள் கடை அட்டத்தில் இரண்டு வருடம் கிடப்பது வழக்கம். அவற்றுக்குத்தான் தள்ளுபடி தாராளமாகக் கிடைக்கும்.

ஸ்டெப்னி. விலையை நான்கால் பெருக்காதீர்கள், ஐந்தால் பெருக்குங்கள்.

## ரிப் டயர்

நீளவாக்கில் கோடுகள் ஓடும் சாதாரண எல்டி டயர். தார் சாலையில் இதுதான் ராஜா. சத்தமில்லை, ஈரத்தில் பிரேக் பிடித்தால் நிற்கும், டீசல் குறைவு, எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கொல்லிமலையின் எழுபதையும் மழையில் ஏறி இறங்க இதைவிட நல்ல டயர் தேவையில்லை. அவை வளைந்து நெளிந்தாலும் தார்ச்சாலைகளே.

தோற்பது ஈர மண்ணில். கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் ஒரு மழை பெய்த மறுநாள் இறங்கிப் பாருங்கள். கோடுகளில் மண் அப்பிக்கொண்டு டயர் பூசி மெழுகிய பானை போலாகிவிடும். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. தேரி மணலிலும் காற்றைக் குறைக்காமல் இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும்.

இதன் மறைமுகச் செலவு, டயருக்கு வெளியே வாங்க வேண்டிய பொருட்கள். பேட்டரியில் நேரடியாகக் கவ்வ வைக்கும் நல்ல காற்று கம்ப்ரஸர் (சிகரெட் லைட்டரில் செருகும் சின்னது 60 பிஎஸ்ஐ ஏற்றுவதற்குள் புகைந்துவிடும்), மணலுக்கான ஏறுபலகை இரண்டு, இழுகயிறு. பலகை கைவசம் இல்லாதபோது தென்னை மட்டையும் ஈரச் சாக்கும் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கின்றன. ஏ/டி-க்குப் போகும் கூடுதல் பணத்தில் இவற்றையெல்லாம் வாங்கிவிடலாம்.

## நான்கிலும் ஏ/டி

ஏ/டி-யில் கட்டைகள் இருக்கும், இடைவெளிகள் நடுத்தரமாக இருக்கும், ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் இருக்கும். ஈரத்தார், பனி, சரளை மூன்றிலும் பிடிப்பைத் தருபவை அந்த வெட்டுகளே. மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிச்சில்லு வரைந்த முத்திரை இருந்தால், பனியில் சோதித்துத் தேறிய டயர் என்று பொருள். வெறும் "எம்+எஸ்" எழுத்துக்கு அந்தப் பெருமை கிடையாது. அதை அச்சிடச் சோதனை எதுவும் தேவையில்லை.

எல்டி வகை ஏ/டி-யின் உண்மையான லாபம் தடித்த பக்கச்சுவர். எல்டி ஏ/டி மாட்டி பாட்டல் பாதையில் போனபோது, ஓரத்தில் ஒரு கார்க்காரர் அன்றைய இரண்டாவது டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கட்டைகளின் ஓரத்தில் சில சிதைவுகளோடு போயிற்று.

செலவுகள்: ஸ்டியரிங் சற்று கனக்கும், வேகம் எழுபதைத் தொட்டால் கீழேயிருந்து மெல்லிய முனகல் ஒன்று வரும், இரண்டு நாளில் காது பழகிவிடும், டீசல் கொஞ்சம் கூடும். இந்த டீசல் கணக்கில் ஒரு மாயை உண்டு. ஏ/டி எடுப்பவர்கள் பலர் கூடவே ஓர் அளவு பெரிதாக, 235/75 ஆர்15 போட்டுவிடுகிறார்கள். பழைய டயரின் விட்டம் 703 மில்லிமீட்டர், இதன் விட்டம் 733. வித்தியாசம் நான்கு சதவீதத்துக்கு மேல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-ல் போகும். 1,000 கிலோமீட்டர் காட்டும்போது உண்மையில் 1,043 ஓடியிருக்கும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புபவர்கள் முதலில் இதைக் கழிக்க வேண்டும். மேலும் அளவு மாற்றம், வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்குள் இழுத்துவிடலாம், விபத்தின்போது காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்கவும் இடம் கொடுக்கும். சக்கரக் கூட்டில் உரசும் தொல்லை தனி. கம்பெனி சொன்ன அளவிலேயே நில்லுங்கள்.

## எம்/டி

பார்வைக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. புகைப்படத்தில் வேன் இரண்டு மடங்கு வீரமாகத் தெரியும்.

கட்டைகளுக்கு இடையே விரல் புதையும் இடைவெளி. சேறு அதில் ஏறி, சக்கரம் சுழலும் வேகத்தில் வெளியே வீசப்பட வேண்டும் என்பதே இதன் தத்துவம். இங்கேதான் நம் வேனுக்கும் இதற்கும் ஒத்துவருவதில்லை. மூன்று டன் வண்டி, பின் சக்கரத்துக்கு மட்டும் இழுவை. சேற்றில் ஊர்ந்துதான் போகும். அந்த வேகத்தில் கரிசல் மண் வீசப்படாது, இடைவெளியிலேயே உறைந்துவிடும். நான்கு சக்கர இழுவையும் தாழ் கியரும் உள்ள வண்டியில் எம்/டி தரும் வேலையில் பாதிகூட நமக்குக் கிடைக்காது.

நண்பரின் வண்டியில் ஆழியாறு தாண்டி ஏறும்போது தூறல். ஒன்பதாவது வளைவுக்கருகே முன்னால் போன பஸ் நின்றது. நான் பிரேக் மிதித்த இடத்துக்கும் வண்டி நின்ற இடத்துக்கும் நடுவே என் வேனைவிட நிச்சயமாக இரண்டு வண்டி நீளம் கூடுதல். தரையைத் தொடும் ரப்பர் குறைவு, மெல்லிய வெட்டுகளும் குறைவு; ஈரத்தாரில் அதன் விலை இது. இதே காரணத்தால் உறைபனியிலும் எம்/டி ஏமாற்றும். லடாக் என்றால் எம்/டி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சத்தத்தைப் பற்றி, பின் கட்டிலில் குழந்தை தூங்குமா என்று கேட்டால், தூங்காது.

தார் சாலையில் கட்டைகள் சமமாகத் தேயாது. ஒருமுறை படி படியாகத் தேய ஆரம்பித்தால் சத்தம் இன்னும் ஏறும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டே ஆக வேண்டும். ஒரு நன்மையை மறைக்கக் கூடாது: பக்கச்சுவர் நான்கு வழிகளிலும் இதில்தான் உறுதி.

## முன்னால் ரிப், பின்னால் ஏ/டி

லாரிக்காரர்களின் பழைய அறிவு இது. முன்னால் ரிப், பின்னால் லக் (குறுக்குக் கட்டைகள் உள்ள டயர்). திருப்புவது முன் சக்கரம், தள்ளுவது பின் சக்கரம்; அவரவர் வேலைக்கு அவரவர் செருப்பு. இரண்டு டயர் பணம் மிச்சம். ஸ்டெப்னியை ஏ/டி-யாக வைத்தால், விட்டம் ஒன்றாக இருக்கும்வரை அவசரத்துக்கு முன்னாலும் போடலாம். ஒரே அச்சில் இரு வகையை நிரந்தரமாக ஓட்டுவது மட்டும் கூடாது.

இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன். ஏற்றத்தில் குறையே இல்லை. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம் ஒரு மண் பாதையில் இறங்கும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. ஈரச் செம்மண், இறக்கம், இடப்பக்கம் திருப்பம். ஸ்டியரிங்கை ஒடித்தேன், வண்டி கேட்கவில்லை. முன் சக்கரம் திரும்பிய நிலையிலேயே நேராகச் சறுக்கி, ஓரத்து மண் திட்டில் முட்டி நின்றது. இறங்கும்போது பிரேக்கின் பெரும்பாரம் முன்னால் விழுகிறது. அங்கே மழுங்கல் டயர். ஏறிய பாதையில் இறங்கத்தானே வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ரிப் (எல்டி) | ஏ/டி (எல்டி) | எம்/டி | முன் ரிப், பின் ஏ/டி |
|---|---|---|---|---|
| சுமை எண் கிடைப்பது | எளிது | தேட வேண்டும் | மிகவும் தேட வேண்டும் | பின்னுக்கு மட்டும் தேட வேண்டும் |
| ஈரத்தாரில் பிரேக் | மிக நன்று | நன்று | மோசம் | நன்று |
| சரளை, கூர்ங்கல் | கவனம் தேவை | நன்று | மிக நன்று | பின்னால் நன்று |
| ஈர மண் ஏற்றம் | மோசம் | பரவாயில்லை | நன்று, இழுவை இருந்தால் | பரவாயில்லை |
| ஈர மண் இறக்கம் | மோசம் | பரவாயில்லை | நன்று | மோசம் |
| சத்தம், டீசல் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| வழியில் மாற்று டயர் | எங்கும் | பெரிய நகரங்களில் | அரிது | ரிப் எங்கும், ஏ/டி நகரங்களில் |
| மறைமுகச் செலவு | கம்ப்ரஸர், பலகை | ஐந்தாவது டயர், பழைய சரக்கு | இடமாற்றம், தூக்கம் | இடமாற்றம் செய்ய முடியாது |

ஐரோப்பாவில் இந்தக் குழப்பத்துக்கு ஐந்தாவதாக ஒரு விடை உண்டு: கேம்பர் வேன்களுக்கென்றே "சிபி" என்று முத்திரையிட்ட டயர். மிஷலின் அஜிலிஸ் கேம்பிங் அந்த இனம். எப்போதும் முழுச் சுமையோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் வண்டிக்காகப் பக்கச்சுவரை விறைப்பாகச் செய்து, பின் சக்கரத்தில் 5.5 பார், அதாவது 80 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்கும்படி வடிவமைத்தவை. ஆனால் 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு நண்பர் மூலம் ஒரு செட் வந்தாலும், ஒன்று கிழிந்தால் அடுத்ததற்கு எங்கே போவது?

ரீட்ரெட் செய்த டயரைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். லாரிக்கு அது சரியான சிக்கனம். ஆறு வருடம் வெயிலில் நின்ற கேம்பர் டயரின் உடலுக்கு மேல் புது ட்ரெட் ஒட்டுவது வேண்டாம்.

## யாருக்கு எது

ஆண்டு முழுவதும் தார்ச்சாலை, மலைவாசத்தலங்கள், கடற்கரை ஊர்கள் என்று சுற்றுபவர்களுக்கு ரிப் எல்டி போதும். மிச்சப் பணத்தில் கம்ப்ரஸர் வாங்குங்கள். ஈரோட்டுக்காரரின் மைத்துனர் சொன்னது அவருடைய பயணங்களைப் பொறுத்தவரை சரியாகவே இருக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு ஸ்பிதியோ லடாக்கோ, நடுவே தோட்டத்து மண் பாதைகள் என்றால் நான்கிலும் எல்டி ஏ/டி. பணம் இடித்தால் இந்த வருடம் பின்னால் இரண்டு, அடுத்த வருடம் முன்னால் இரண்டு. அதுவரை ஈர இறக்கங்களைத் தவிருங்கள். எம்/டி-யை நான்கு சக்கர இழுவை உள்ளவர்களுக்கு, அதிலும் சேற்றிலேயே குடியிருப்பவர்களுக்கு விட்டுவிடலாம்.

ஈரோட்டு வாசகருக்குத் தனியாக இரண்டு செய்திகள். பாட்டல் பாதையில் காற்றை 60-லிருந்து 45 அளவுக்குக் குறைத்தால் கல்லின் குத்து மட்டுப்படும். ஆனால் காற்றோடு சுமைத்திறனும் இறங்குகிறது, ஆகவே வேகம் இருபதைத் தாண்டக் கூடாது. லோசரில் தார் வந்ததும் நிறுத்தி மறுபடி ஏற்றிவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியையும் மணாலியில் நிரப்பாமல் பாதியோடு ஏறுங்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ.

மலையேறினால் டயர் உப்பி வெடிக்கும் என்று யாரோ பயமுறுத்தியதாகவும் எழுதியிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சமவெளியில் 35 டிகிரி வெயிலில் 60 பிஎஸ்ஐ வைத்துப் புறப்படுகிறீர்கள். 4,500 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காற்று அளவி சுமார் 6 கூட்டிக் காட்ட வேண்டும். அங்கே 5 டிகிரி குளிரென்றால், அதனால் சுமார் 7 இறங்கும். குன்சும் கணவாயில் காலையில் அளந்தால் 59 காட்டும். அளவியை உள்ளே வைத்துவிட்டு, சக்கர போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். அந்த எண்பது கிலோமீட்டர் குலுக்கலில் தளர்வது அவைதான்.